ஹத்தாவின் இரண்டு கடிதங்கள்

1956 ஜூலை 20 என்று தேதியிட்ட ஒரு கடிதத்தை இந்தோனேசியாவின் துணை ஜனாதிபதி முகம்மது ஹத்தா நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அரசியல் நிர்ணய சபையும் விரைவில் கூடவிருக்கிறது. அது கூடியதும் நான் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன். இவ்வளவுதான் கடிதத்தின் சாரம். யார்மீதும் அதில் புகார் இல்லை. நாடாளுமன்றத் தலைவர் சர்தோனோவும் உறுப்பினர்களும் அதற்குப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். பேசாமல் விட்டால் அவரும் மனம் மாறிவிடுவார் என்ற நம்பிக்கைதான் காரணம். ஹத்தா மாறவில்லை. நவம்பர் 23 அன்று இரண்டாவது கடிதம் வந்தது. டிசம்பர் 1 முதல் தான் துணை ஜனாதிபதி இல்லை என்று அதில் எழுதியிருந்தார். நவம்பர் 30 அன்று நாடாளுமன்றம் வேறு வழியின்றி அதை ஏற்றுக்கொண்டது.

சுகர்ணோவின் சர்வாதிகாரத்தை எதிர்த்து ஹத்தா பதவி விலகினார் என்று வரலாற்று நூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் காலவரிசையை வைத்துப் பார்த்தால் அந்த வரி அவசரப்படுகிறது என்பது தெரியும். 1956 ஜூலையில் இந்தோனேசியாவில் சர்வாதிகாரம் இல்லை. முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்திருந்தது. பதிவான வாக்குகளில் தேசியக் கட்சி 22.3 சதவீதம், மஸ்யூமி 20.9, நஹ்தத்துல் உலமா 18.4, கம்யூனிஸ்ட் கட்சி 16.4 என்று பெற்றன. எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை என்பதே அந்தத் தேர்தல் எவ்வளவு சுதந்திரமாக நடந்தது என்பதற்குச் சான்று. அப்படியானால் ஹத்தா எதை எதிர்த்து விலகினார்? இரண்டு கடிதங்களுக்கும் இடையே கடந்த நான்கு மாதங்களில்தான் அதற்கான பதில் இருக்கிறது. ஜூலையில் அரசியல் சட்டம் பற்றிய ஒரு நிலைப்பாடாக இருந்த அதே முடிவு, நவம்பரில் எதிர்ப்பாக மாறியிருந்தது.

ஹத்தா மேற்குச் சுமத்திராவின் புக்கித்திங்கியில் 1902இல் பிறந்தவர். மினாங்கபாவ் இனத்தவர். தந்தை வழியில் சூஃபி ஞானிகள், தாய் வழியில் வணிகர்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பொருளாதாரம் படிக்கப் போனவர், பதினோரு ஆண்டுகள் அங்கேயே தங்கி மாணவர் இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1927இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் ஜவாஹர்லால் நேருவைச் சந்தித்தார். அதே ஆண்டு டச்சு அரசு அவரைக் கைதுசெய்தது. 1928இல் ஹேக் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஊர் திரும்பிய பிறகு 1934இல் மறுபடியும் கைது. பாப்புவாவின் மலேரியாக் காட்டுக்குள் இருந்த திகுல் முகாமுக்கும், பின்னர் பந்தா தீவுக்கும் நாடுகடத்தப்பட்டு 1942 வரை அங்கேதான் இருந்தார். போகும்போது 16 பெட்டிகளில் புத்தகங்களை எடுத்துச் சென்றார்.

சுகர்ணோ இதற்கு நேர்மாறானவர். மைதானம் நிறைந்த கூட்டத்தைப் பேச்சால் கட்டிப்போடக்கூடியவர். மக்களைத் தட்டி எழுப்பினால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நம்பினார். மக்களுக்கு அரசியல் கல்வி கொடுக்காமல் எழுப்பினால், ஒரு எஜமானன் போய் இன்னொரு எஜமானன் வருவான் என்பது ஹத்தாவின் கவலை. இந்த வேறுபாடு 1930களிலேயே இருவருடைய எழுத்திலும் வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் 1945 ஆகஸ்ட் 17 அன்று விடுதலைப் பிரகடனத்தில் இந்தோனேசிய மக்களின் பெயரால் இருவர் மட்டுமே கையெழுத்திட்டார்கள்: சுகர்ணோ, ஹத்தா. மறுநாள் ஒருவர் ஜனாதிபதி, மற்றவர் துணை ஜனாதிபதி. இருவரையும் சேர்த்து ‘துவிதுங்கால்’, அதாவது இருவராக இருக்கும் ஒருவர், என்று நாடே அழைத்தது.

பிரகடனத்துக்கு ஒரு மாதம் முன்பு, 1945 ஜூலையில், அரசியல் சட்ட வரைவுக் குழுவில் நடந்த ஒரு விவாதத்தைத் தெரிந்துகொள்ளாமல் 1956ஐப் புரிந்துகொள்ள முடியாது. சட்ட வல்லுநர் சுபோமோ ஒரு வாதத்தை வைத்தார். நம் அரசு ஒரு குடும்பம் போன்றது. தகப்பனுக்கு எதிராகப் பிள்ளைக்கு உரிமைப் பத்திரம் எதற்கு? பேச்சுரிமை, கூடும் உரிமை எல்லாம் மேற்கத்திய தனிமனிதவாதத்தின் சரக்கு. சுகர்ணோ அவர் பக்கம் நின்றார். ஹத்தாவும் தனிமனிதவாதத்தை ஏற்றவரில்லை. கூட்டுறவு இயக்கத்தின் தந்தை என்று பின்னாளில் அவருக்குப் பட்டமே கிடைத்தது. ஆனாலும் அவர் எழுந்து, குடும்பம் என்பது சரிதான், அரசு கையில் எல்லா அதிகாரமும் குவிந்துவிட்டால் குடிமகன் வாய் திறக்க இடமிருக்குமா என்று கேட்டார். நாம் உருவாக்கும் அரசு வெறும் அதிகார அரசாக மாறிவிடக் கூடாது என்று எச்சரித்தார். முகம்மது யாமினும் உரிமைகள் வேண்டும் என்று வாதாடினார். கடைசியில் ஒரு சமரசம் பிறந்தது: 28ஆவது பிரிவு. சங்கம் சேரவும், கூடவும், கருத்தைச் சொல்லவும் உள்ள சுதந்திரம் சட்டத்தால் வகுக்கப்படும் என்றது அது. உரிமை உண்டு என்று நேரடியாகச் சொல்லாமல், பிறகு சட்டம் வரும் என்று சொல்கிற பலவீனமான வாசகம்தான். அதுவும் ஹத்தா போன்றோர் வாதாடியிராவிட்டால் வந்திருக்காது.

அந்த ஆண்டு அக்டோபரிலும் நவம்பரிலும் ஹத்தா செய்த இரண்டு காரியங்கள் இதைவிடப் பெரியவை. 1945இன் சட்டம் ஜனாதிபதிக்கு அளவற்ற அதிகாரம் கொடுத்திருந்தது. அக்டோபர் 16 அன்று ஹத்தா கையெழுத்திட்ட ஓர் அறிவிப்பு, அதுவரை ஆலோசனைக் குழுவாக மட்டும் இருந்த மத்திய தேசியக் குழுவுக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தை வழங்கியது. நவம்பர் 3ஆம் தேதி அறிவிப்பு, மக்கள் அரசியல் கட்சிகள் தொடங்கலாம் என்று ஊக்குவித்தது. அதிலும் ஹத்தாவின் கையெழுத்துதான். அதே மாதம் நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவை சுத்தான் ஷாஹ்ரீர் தலைமையில் அமைந்தது. ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு வேலி போட்ட கை துணை ஜனாதிபதியின் கை. சுகர்ணோ இதை மறக்கவே இல்லை.

1950இல் வந்த தற்காலிக அரசியல் சட்டம் இந்த மாற்றத்தை முழுமையாக்கியது. ஆட்சி பிரதமரிடம், பிரதமர் நாடாளுமன்றத்திடம். ஜனாதிபதி அலங்காரத் தலைவர். அலங்காரத் தலைவருக்கு ஒரு துணை என்றால் அவருக்கு வேலை ஏது? இந்தியாவில் துணைக் குடியரசுத் தலைவர் மாநிலங்களவையை நடத்துகிறார். அந்த வேலைகூட ஹத்தாவுக்கு இல்லை. ஜனாதிபதிக்கு உதவுவார் என்று ஒரு வரி, ஜனாதிபதி இல்லாதபோது அவர் இடத்தில் இருப்பார் என்று ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். ஹத்தா அந்த ஆறு ஆண்டுகளைக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிப் பேசியும் எழுதியும் கழித்தார்.

ஒரே ஒருமுறை அந்த ஏற்பாடு பெரும் பயன் தந்தது. 1955 ஜூலையில் சுகர்ணோ ஹஜ் பயணம் போயிருந்தபோது அலி சாஸ்த்ரோஅமிஜோயோவின் அமைச்சரவை கவிழ்ந்தது. புதிய அரசை அமைக்கும் பொறுப்பு ஹத்தாவிடம் வந்தது. மஸ்யூமியின் புர்ஹானுத்தீன் ஹராஹப் பிரதமரானார். பலமுறை தள்ளிப்போன பொதுத்தேர்தலை அவருடைய அரசுதான் நடத்தி முடித்தது. கையில் அதிகாரம் இருந்த சில வாரங்களை ஹத்தா தேர்தலுக்காகச் செலவிட்டார். தேர்தல் முடிந்ததும், தான் தற்காலிக ஏற்பாடு, மக்களின் பிரதிநிதிகள் வந்துவிட்டார்கள் என்று ஒதுங்க நினைத்தார். ஜூலைக் கடிதத்தின் தர்க்கம் அதுதான். அதில் மனக்கசப்பும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தர்க்கம் பொய்ச்சாக்கு அல்ல. 1945 முதல் அவர் சொல்லிவந்ததன் தொடர்ச்சி அது.

இதற்குப் பிறகு வந்தது அக்டோபர். சோவியத் ஒன்றியத்துக்கும் சீனாவுக்கும் போய்விட்டு வந்த சுகர்ணோ, அங்கே கண்ட ஒழுங்கையும் வேகத்தையும் வியந்து திரும்பியிருந்தார். அக்டோபர் 28 அன்று, இளைஞர் உறுதிமொழி நாளில் பேசும்போது, கட்சிகளையெல்லாம் புதைத்துவிட வேண்டும் என்ற தன் ஆசையை வெளியிட்டார். 1945 நவம்பரில் கட்சிகள் தொடங்கச் சொன்னது மாபெரும் தவறு என்றார். யார் கையெழுத்திட்ட அறிவிப்பு அது என்பது கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு நாள் கழித்து ஆசிரியர் சங்க மாநாட்டில் பேசியபோது, தன் மனதில் ஒரு புதிய திட்டம் இருப்பதாகவும், நாட்டுக்குத் தேவை வழிநடத்தப்படும் ஜனநாயகம் என்றும் சொன்னார்.

நவம்பர் 10 அன்று பாண்டுங் நகரில் அரசியல் நிர்ணய சபை திறக்கப்பட்டது. ஜூலைக் கடிதம் சொன்ன நிபந்தனை நிறைவேறிவிட்டது. இரண்டாம் கடிதம் எழுதி நான்கு நாளில், நவம்பர் 27 அன்று, யோக்யகர்த்தாவின் கஜா மாடா பல்கலைக்கழகத்தில் கௌரவ டாக்டர் பட்டம் ஏற்று ஹத்தா ஓர் உரை நிகழ்த்தினார். கடிதத்தில் சொல்லாததையெல்லாம் அங்கே சொன்னார். புரட்சி என்பது சட்டென வெடிப்பது. அதை நீட்டிக்கொண்டே போக முடியாது. வெடித்ததை அணைகட்டி நிறுத்தி ஒழுங்குக்குள் கொண்டுவருவதே பிறகு செய்ய வேண்டிய வேலை என்பது அந்த உரையின் மையக் கருத்து. புரட்சி இன்னும் முடியவில்லை என்று ஒவ்வொரு மேடையிலும் முழங்கிக்கொண்டிருந்த சுகர்ணோவுக்கு அதைவிட நேரடியான மறுப்பு இருக்க முடியாது. அடுத்த மூன்று நாளில் நாடாளுமன்றம் அவருடைய ராஜினாமாவை ஏற்றுக்கொண்டது. ஜூலையில் ஒதுங்கல் என்று சொல்லத்தக்கதாக இருந்ததை, இடையில் வந்த சுகர்ணோவின் இரண்டு பேச்சுகள் எதிர்ப்பாக்கிவிட்டன.

ஆனால் ஏன் அதைக் கடிதத்திலேயே சொல்லவில்லை? பல்கலைக்கழக மண்டபத்தில் பேசியதை நாட்டு மக்கள் எல்லோரும் கேட்கும்படி வானொலியில் ஏன் பேசவில்லை? ஹத்தாவின் இயல்பைக் காட்டும் ஒரு சம்பவம் இந்தோனேசியாவில் பலருக்கும் தெரியும். 1950இன் தொடக்கத்தில், தற்காலிக அரசியல் சட்டம் வருவதற்கு முன், அவர் பிரதமராக இருந்தார். அவருடைய மனைவி ரஹ்மி ஒரு தையல் இயந்திரம் வாங்குவதற்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அந்த மார்ச் மாதம் நிதியமைச்சர் ஷாஃப்ருத்தீன் பிரவிரநெகாரா திடீரென ஒரு நடவடிக்கையை அறிவித்தார். ஐந்து கில்டரும் அதற்கு மேலும் மதிப்புள்ள டச்சுக் காலத்து நோட்டுகளை இரண்டாக வெட்ட வேண்டும். இடது பாதி, அரை மதிப்புக்குப் பணமாகச் செல்லும், வலது பாதிக்கு அரசுக் கடன்பத்திரம். ரஹ்மியின் சேமிப்பும் ஒரே நாளில் பாதியானது. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். அரசின் ரகசியம் வேறு, நம் வீடு வேறு என்பதே கணவர் சொன்ன பதிலின் சாரம்.

இந்த நேர்மையை வியந்து பேசாதவர் இல்லை. நானும் வியக்கிறேன். அதோடு, இதே குணத்துக்கு ஒரு விலையும் உண்டு என்று நினைக்கிறேன். தான் அறிந்ததைப் பதவியின் மரியாதை கருதித் தன்னோடு வைத்துக்கொள்ளும் பழக்கம், மனைவியிடம் காட்டப்பட்டபோது நேர்மையாக இருந்தது. மக்களிடம் காட்டப்பட்டபோது வெற்றிடமாக இருந்தது. டிசம்பர் 1 அன்று சுமத்திராவின் கிராமத்தில் இருந்தவருக்குத் தெரிந்ததெல்லாம், ஜாவாவைச் சேராத பெரிய தலைவர் போய்விட்டார் என்பது மட்டும்தான். அந்த வெற்றிடத்தை நிரப்ப ராணுவ அதிகாரிகள் காத்திருந்தார்கள்.

ராஜினாமா நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 20 அன்று பாடாங்கில் லெப்டினன்ட் கர்னல் அஹ்மத் ஹுசைன் தலைமையிலான பந்தெங் கவுன்சில் மேற்குச் சுமத்திராவின் நிர்வாகத்தைக் கைப்பற்றியது. மேதானிலும் பிற இடங்களிலும் படைத்தலைவர்கள் பின்தொடர்ந்தார்கள். ரப்பரும் எண்ணெயும் ஏற்றுமதியாகி வரும் பணம் ஜகார்த்தாவில் தங்கிவிடுகிறது என்ற நியாயமான குறை அவர்களுக்கு இருந்தது. சுகர்ணோவும் ஹத்தாவும் மறுபடி சேர வேண்டும் என்பது அவர்களின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. சுகர்ணோ 1957 பிப்ரவரி 21 அன்று தன் திட்டத்தை அறிவித்தார்: கம்யூனிஸ்டுகளையும் சேர்த்த அனைத்துக் கட்சி அமைச்சரவை, அதோடு ஒரு தேசியக் கவுன்சில். தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் பிரதமராகியிருந்த அலி மார்ச் 14 அன்று விலகினார். அன்றே நாடு முழுவதும் ராணுவச் சட்டம் அமலானது. ஏப்ரலில் ஜனாதிபதி சுகர்ணோ, ‘குடிமகன் சுகர்ணோ’ என்ற ஒருவரை அமைச்சரவை அமைக்கும் பணிக்கு நியமித்தார். இருவரும் ஒரே ஆள். நாடாளுமன்றம் கேள்வி கேட்க முடியாத ஜனாதிபதி, குடிமகன் என்ற சட்டையை மாட்டிக்கொண்டு அரசை அமைத்தார். ஹத்தா இதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

மறு ஆண்டு பிப்ரவரியில் சுமத்திராக்காரர்கள் ஜகார்த்தாவுக்குக் கெடு வைத்தார்கள். அரசு விலக வேண்டும். ஹத்தாவும் யோக்யகர்த்தா சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோவும் புதிய அமைச்சரவை அமைக்க வேண்டும். கெடு முடிந்ததும் பிப்ரவரி 15 அன்று புரட்சி அரசு என்று போட்டி அரசை அறிவித்தார்கள். பழைய நிதியமைச்சர் ஷாஃப்ருத்தீன் அதன் பிரதமர். ஹத்தாவின் சொந்த மண், சொந்த இனம், அவரோடு நின்று பழகிய மனிதர்கள். அவர் வந்து நின்றிருந்தால் அந்தப் போட்டி அரசுக்கு நாடெங்கும் வேறொரு மதிப்பு கிடைத்திருக்கும். ஹத்தா போகவில்லை. கலகம் செய்யாதீர்கள் என்றார்; செய்த பிறகு அது தவறு என்றும் சொன்னார். ஏப்ரலில் ஜகார்த்தாவின் படை பாடாங்கில் இறங்கியது. மே மாதம் அவர் பிறந்த ஊரான புக்கித்திங்கியும் விழுந்தது. இந்த மறுப்புதான் அவருடைய எதிர்ப்பின் உச்சம் என்பது என் கருத்து. சட்டத்தை மீறுகிறவரை எதிர்த்து வெளியேறியவர், சட்டத்தை மீறி வந்து அழைத்தவர்களோடும் சேரவில்லை. சுற்றியிருந்தவர்களில் பலருக்கு இது கோழைத்தனமாகத் தெரிந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் துப்பாக்கியின் துணையோடு அமையும் அமைச்சரவைக்குத் தலைமை ஏற்றிருந்தால், 1945 முதல் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவரே அழித்தவராகியிருப்பார்.

சுகர்ணோவைத் தடுக்க இதனால் முடியவில்லை. 1959 ஜூலை 5 அன்று ஓர் ஆணையின் மூலம் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்து, 1945இன் சட்டத்தை மீண்டும் கொண்டுவந்தார். 1960 மார்ச்சில், பட்ஜெட்டை ஏற்க மறுத்த நாடாளுமன்றத்தையும் கலைத்துவிட்டுத் தானே உறுப்பினர்களை நியமித்தார். அப்போதுதான் ஹத்தா வாய் திறந்தார். எழுத்தாளரும் மார்க்க அறிஞருமான ஹம்கா நடத்திய ‘பஞ்சி மஸ்யாரகத்’ இதழில், மே மாதம், ‘நமது ஜனநாயகம்’ என்ற நீண்ட கட்டுரை வெளிவந்தது. நடந்திருப்பது சட்டப்படி ஓர் ஆட்சிக்கவிழ்ப்பு என்பதை வரிசையாக வாதாடி நிறுவினார். கட்சிகளையும் அவர் விடவில்லை. பதவிப் பங்கீட்டிலும் ஊழலிலும் மூழ்கி ஜனநாயகத்தைச் சீரழித்தது அவர்கள்தான், சர்வாதிகாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது அவர்கள்தான் என்றார். சுகர்ணோவின் அமைப்பு அவரைவிட நீண்ட ஆயுள் கொண்டதல்ல. அவரோடு சேர்ந்து சரியும் என்றும் எழுதினார். கட்டுரையை வைத்திருப்பதும் வாசிப்பதும் தடைசெய்யப்பட்டன, இதழும் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டே மஸ்யூமிக்கும் சோஷலிஸ்ட் கட்சிக்கும் தடை. 1945இல் பிரதமரான ஷாஹ்ரீர் 1962இல் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார்; கைதியாகவே 1966இல் சூரிச்சில் இறந்தார். ஹத்தாவை மட்டும் சுகர்ணோ தொடவில்லை. 1963இல் ஹத்தா கடுமையாக நோயுற்றபோது போய்ப் பார்த்து, அரசுச் செலவில் ஸ்வீடனுக்குச் சிகிச்சைக்கு அனுப்பியதும் சுகர்ணோதான்.

கட்சி கட்டி வெளிப்படையாக எதிர்த்திருந்தால் ஹத்தா வென்றிருப்பாரா என்ற கேள்விக்கு, பத்தாண்டு கழித்துக் கென்யாவில் நடந்ததைப் பார்க்கலாம். 1966 ஏப்ரலில் துணை ஜனாதிபதி ஒகிங்கா ஒடிங்கா, ஜோமோ கென்யாட்டாவின் அரசிலிருந்து விலகினார். ஹத்தா செய்யாததையெல்லாம் அவர் செய்தார்: காரணத்தை உரக்கச் சொன்னார், எதிர்க்கட்சிக்குத் தலைமை ஏற்றார். கட்சி மாறிய உறுப்பினர்கள் மறுபடி தேர்தலில் நின்றே ஆக வேண்டும் என்று அரசு அவசரமாகச் சட்டம் திருத்தியது. 1969இல் கட்சி தடைசெய்யப்பட்டது. ஒடிங்கா சிறைக்குப் போனார். ஆக, ஹத்தாவின் மௌனம் ஒரு குறைதான் என்றாலும், அந்த மௌனம் மட்டுமே அவரைத் தோற்கடித்தது என்று சொல்ல முடியாது. ராணுவமும் கருவூலமும் ஒருவர் பக்கம் இருக்கும்போது, துணை என்ற பதவியிலிருந்து விலகுகிறவரால் தன் பெயரைத் தவிர எதையும் எடுத்துக்கொண்டு போக முடிவதில்லை. அந்தப் பெயரின் பலம் எவ்வளவு என்பது நாடாளுமன்றத்தின் முதுகெலும்பைப் பொறுத்தது. ஜூலை 20 கடிதம் கையில் கிடைத்தபோது, ஏன் போகிறீர்கள், வந்து சபையில் சொல்லுங்கள் என்று கேட்கும் உரிமை இந்தோனேசிய நாடாளுமன்றத்துக்கு இருந்தது. நான்கு மாதம் அது கேட்கவில்லை. நாலாண்டுக்குள் அந்த நாடாளுமன்றமே இல்லை.

சுகர்ணோ போய் ராணுவத் தளபதி சுகார்த்தோ ஜனாதிபதியாக வந்த பிறகும் ஹத்தாவுக்கு இடம் கிடைக்கவில்லை. புதிய கட்சி ஒன்றைத் தொடங்க அவர் முயன்றபோது சுகார்த்தோ அனுமதி மறுத்தார். 1970இல் ஊழலை விசாரிக்க அமைக்கப்பட்ட குழுவுக்கு ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள்; குழுவின் அறிக்கையோடு காரியம் முடிந்தது. அந்த ஆண்டு ஜூனில், வீட்டுக்காவலில் உடல் சிதைந்துபோயிருந்த சுகர்ணோவை, அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ராணுவ மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தார் ஹத்தா. துணை ஜனாதிபதி நாற்காலி 16 ஆண்டுகளுக்கு மேல் காலியாகவே கிடந்தது. 1973இல்தான் சுல்தான் ஹமெங்குபுவோனோ அதில் அமர்ந்தார். 1978இல் இரண்டாம் முறை வேண்டாம் என்று அவரும் மறுத்துவிட்டார். ஹத்தா 1980 மார்ச் 14 அன்று இறந்தார். அதிகாரிகள் அடங்கும் வீரர் மயானம் தனக்கு வேண்டாம், சாதாரண மக்களோடு அடக்கம் செய்யுங்கள் என்று சொல்லியிருந்ததால், ஜகார்த்தாவின் தானா குசிர் பொது மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1998இல் சுகார்த்தோ வீழ்ந்த பிறகு, 1999க்கும் 2002க்கும் இடையே நான்கு முறை இந்தோனேசிய அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்க முடியாது என்று முதல் திருத்தமே வரம்பு கட்டியது. நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இல்லை என்பது எழுத்தில் ஏறியது. 2000இல் 28ஆவது பிரிவுக்குக் கீழே மனித உரிமைகளுக்கென்று பத்துப் புதிய உட்பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 1945 ஜூலையில் சுபோமோவுடன் மல்லுக்கட்டிப் பெற்ற அந்தப் பழைய வாசகத்தை யாரும் மாற்றவில்லை. புதிய பத்துப் பிரிவுகளும் அதன் பின்னால்தான் வரிசையாக நிற்கின்றன.